படகும் வலையும் அவனுடையதே, பிறகு யார் முதலாளி? அரசின்மைவாதம் பற்றி ஒரு சந்தேகம்

கேள்வி: மார்த்தாண்டம் மாணவன்

வணக்கம். மார்த்தாண்டம் பக்கம் ஒரு கல்லூரியில் பொருளாதாரம் முதுகலை படிக்கிறேன். எங்கள் வீட்டில் அப்பாவும் மாமாவும் செங்கொடிக் கட்சிக்காரர்கள். கூலி, உபரி மதிப்பு, சுரண்டல் என்ற சொற்களைச் சோற்றோடு சேர்த்துக் கேட்டு வளர்ந்தவன் நான். இப்போது வகுப்பில் அரசே வேண்டாம் என்ற அரசின்மைவாதிகளான புரூதோன், பக்கூனின், குரோபோட்கின் என்ற பெயர்கள் வந்தன. மாமாவிடம் கேட்டால், "குண்டு வீசிய கூட்டம். அரசு வேண்டாம் என்றால் அடிதடிதான் மிஞ்சும்" என்று பேச்சை முடித்துவிட்டார்.

முதலாளித்துவத்தை மார்க்ஸ் அவ்வளவு விரிவாக விமர்சித்த பிறகு இவர்கள் கூடுதலாக என்ன சொல்கிறார்கள்? அரசையும் சேர்த்து ஏன் எதிர்க்கிறார்கள்? வரையறைகள் என் நோட்டில் இருக்கின்றன. நம் மாவட்டத்தில் கண்ணெதிரே நடப்பதை வைத்து யாராவது விளக்கினால் உதவியாக இருக்கும்.

பதில்: கடற்கரைக் கணக்கர்

தம்பி, நான் குளச்சலுக்கு அடுத்த ஒரு கடற்கரை ஊர். இளவயதில் வள்ளத்தில் போனேன், பிறகு ஊர் மீனவர் சங்கத்தில் கணக்கு எழுதினேன். உங்கள் கேள்விக்குக் கரையிலிருந்தே பதில் சொல்கிறேன்.

விடியற்காலையில் வள்ளம் கரை ஏறுகிறது. சாளையோ கணவாயோ, கூடையில் கொட்டியவுடன் ஏலம் தொடங்கிவிடும். கடலுக்கு யாரிடமும் பட்டா இல்லை. படகு மீனவனுடையது, வலையும் அவனுடையது. உடன் வந்தவர்களுக்குக் கூலி கிடையாது, பங்குதான். டீசல், ஐஸ் செலவு போக மிஞ்சியதில் படகுக்கும் வலைக்கும் ஒரு பங்கு, ஆட்களுக்கு ஒரு பங்கு. நீங்கள் படித்த கணக்குப்படி இங்கே முதலாளியே இல்லை. ஆனாலும் அந்த மனிதன் வெறுங்கையோடு வீட்டுக்குப் போகிறானே, ஏன்?

இன்ஜின் வாங்க அவன் ஒரு வியாபாரியிடம் முன்பணம் வாங்கியிருக்கிறான். அதற்கு எழுத்தில் வட்டி இல்லை. நிபந்தனை ஒன்றே ஒன்று: பிடிக்கிற மீனை அந்த வியாபாரி வழியாகத்தான் விற்க வேண்டும். ஒவ்வொரு ஏலத்திலும் அவருக்குக் கமிஷன் உண்டு. விலையும் அவர் சொல்வதுதான், அது எப்போதும் கொஞ்சம் கீழே நிற்கும். கொடுத்த முன்பணத்தை அவர் திருப்பிக் கேட்பதே இல்லை. கேட்காமல் இருப்பதுதான் அவருடைய வருமானம். கடலில் கால் நனைக்காத ஒருவர் கடலின் முதல் விற்பனையைத் தன் கையில் வைத்திருக்கிறார்.

புரூதோன் 1840இல் சொத்து என்பது திருட்டு என்று எழுதியபோது மீனவனின் வலையைச் சொல்லவில்லை. தான் உழைக்கும் கருவியும் தான் குடியிருக்கும் வீடும் ஒருவன் கையில் இருப்பதை அவர் தவறென்று சொன்னதில்லை. உழைக்காமலே வாடகையாகவும் வட்டியாகவும் லாபமாகவும் வந்து சேரும் உரிமையைத்தான் திருட்டு என்றார். ஆலையில் நடக்கும் சுரண்டலை மார்க்ஸ் எவ்வளவு கூர்மையாகப் பார்த்தாரோ, கடன் என்ற கயிற்றைப் புரூதோன் அவ்வளவு கூர்மையாகப் பார்த்தார். உழைப்பவர்கள் தங்களுக்குள் வட்டியில்லாமல் கடன் கொடுத்துக்கொள்ள 1849இல் ஒரு மக்கள் வங்கியே தொடங்கினார். அப்போதைய பிரெஞ்சு அதிபர் லூயி நெப்போலியனைத் தாக்கி எழுதியதற்குச் சிறைத் தண்டனை வந்ததும் அதை மூட வேண்டியதாயிற்று.

நம் கரையில் சங்கங்கள் வந்தபோது யாரும் புரூதோனைப் படித்திருக்கவில்லை. ஆனால் அவிழ்க்கப் பார்த்தது அதே முடிச்சைத்தான். ஏலத்தைச் சங்கம் தன் கைக்கு எடுத்துக்கொண்டது. இப்படிப்பட்ட ஊர்ச் சங்கங்கள் மாவட்ட அளவில் சேர்ந்து, 1980இல் தென்னிந்திய மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பு உருவாயிற்று. நான் எழுதிய பேரேட்டில் ஒவ்வொரு படகுக்கும் ஒரு பக்கம். அன்றைய விற்பனை, அதிலிருந்து கடனுக்குப் பிடித்தது, சேமிப்புக்குப் போட்டது, கையில் கொடுத்தது என்று வரிசையாக இருக்கும். மீன் படாத நாளில் பிடித்தம் இல்லை. கடன் பாக்கி என்ற எண் மாதத்துக்கு மாதம் இறங்குவதை ஒரு மனிதன் விரல் வைத்துப் பார்க்கும்போது அவன் முகம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். வியாபாரியின் நோட்டில் அந்த எண் இறங்குவதே இல்லை.

இனி அரசு. சொத்துரிமை தானாக நிற்பதில்லை, போலீசும் நீதிமன்றமும் அதை நிறுத்தி வைக்கின்றன என்பது அரசின்மைவாதிகளின் வாதம். ஆகவே முதலாளியை மட்டும் நீக்கிவிட்டு அந்தத் தடியை அப்படியே வைத்திருந்தால் வேறொருவர் அதை எடுத்துக்கொள்வார். தொழிலாளர் பெயரால் நடக்கும் அரசும் கடைசியில் ஒரு சிறு கூட்டத்தின் ஆட்சியாகும் என்று பக்கூனின் 1873இல் எழுதினார். அதற்கு முந்தைய ஆண்டுதான் ஹேக் மாநாட்டில், மார்க்ஸும் இருந்த பன்னாட்டுத் தொழிலாளர் சங்கமான முதலாம் அகிலத்திலிருந்து அவரை வெளியேற்றியிருந்தார்கள். 1921 மார்ச்சில் ரஷ்யாவின் குரோன்ஸ்டாட் கடற்படைத் தளத்து மாலுமிகளின் எழுச்சியைப் புரட்சி அரசின் செம்படை ஒடுக்கியதைப் படித்துப் பாருங்கள், அவர் எதற்கு அஞ்சினார் என்பது விளங்கும்.

அவர்கள் அரசோடு நின்றுவிடவுமில்லை. எந்த அதிகாரமானாலும் தனக்கு நியாயம் சொல்லியாக வேண்டும் என்றார்கள். எங்கள் கரையில் பல ஊர்களில் முன்பு பிடித்த மீனில் மாதா கோவிலுக்கென்று குத்தகை என்ற பெயரில் ஒரு பங்கு எடுத்தார்கள். அது அரசும் அல்ல, ஆலை முதலாளியும் அல்ல. ஆனாலும் கேள்வி கேட்க வேண்டிய அதிகாரம்தான். நான் ஞாயிறு தவறாமல் பூசைக்குப் போகிறவன். அதனால்தான் இதைச் சொல்கிறேன்.

பதில்: குலசேகரம் தோட்டக்காரன்

அண்ணன் சொல்வது கடலுக்குச் சரியாக இருக்கலாம். நான் மலைப்பக்கம். அப்பா ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டுத் தொழிலாளி. இருட்டிலேயே தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு மரம் மரமாக ஏறி இறங்கியவர். இப்போது எனக்குச் சிறிய தோட்டம் ஒன்று இருக்கிறது. நானே வெட்டுகிறேன், நானே ஷீட் அடிக்கிறேன், ஒட்டுப்பாலையும் விடாமல் சேர்த்து விற்கிறேன். கோட்டயத்திலும் பாங்காக்கிலும் விலை இறங்கினால் என் வீட்டில் உலை இறங்கிவிடும். இதை எந்த ஊர்ச் சங்கம் தடுக்கும்?

அரசு வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மழை மாதங்களில் வெட்டு நின்றுபோனால் ரேஷன் அரிசிதான் எங்களைக் காப்பாற்றியது. அம்மாவின் அறுவை சிகிச்சை அரசு ஆஸ்பத்திரியில்தான் நடந்தது. 1906இல் முடிந்த பேச்சிப்பாறை அணையைத் திருவிதாங்கூர் அரசு கட்டியது, ஊர்க்கூட்டம் கட்டவில்லை. அரசு போய்விட்டால் கடைவரம்பு வயலுக்குத் தண்ணீர் விடுவது யார்?

பதில்: சந்தைக்காரி மகள்

என் அம்மா மீன் சுமந்து விற்றவர். சங்கத்தைப் பற்றி அண்ணன் எழுதியதைப் படித்தேன். எங்கள் ஊர்ச் சங்கத்தில் கடலுக்குப் போகிறவர்தான் உறுப்பினர். ஏலத்தில் மீன் எடுக்க அம்மா காலையில் கந்துவட்டிக்கு வாங்கி, மாலையில் கட்டி, மறுநாள் காலையில் மறுபடியும் வாங்குவார். ஆண்களின் முடிச்சு அவிழ்ந்த பிறகும் அம்மாவின் முடிச்சு அப்படியே இருந்தது.

அரசின்மைவாதி எம்மா கோல்ட்மேனைப் படியுங்கள் தம்பி. 1869இல் பிறந்து, அமெரிக்காவில் தையல் ஆலையில் வேலை பார்த்து, மேடை ஏறியவர். ஆலையும் அரசும் மாறினால் போதும், வீடு தானாக மாறிவிடும் என்பதை அவர் ஏற்கவில்லை. வாக்குரிமை கிடைத்தால் பெண் விடுதலை அடைந்துவிடுவாள் என்பதையும் ஏற்கவில்லை.

பதில்: கடற்கரைக் கணக்கர்

தங்கச்சி சொன்னதற்கு என்னிடம் மறுப்பு இல்லை. கூட்டுறவு என்று பெயர் வைத்துவிட்டால் எல்லோரும் உள்ளே வந்துவிட்டதாக ஆகாது. யார் வெளியே நிற்கிறார்கள் என்பதையும் கேட்டாக வேண்டும்.

குலசேகரம் தம்பிக்கு: ரேஷனையும் ஆஸ்பத்திரியையும் விட்டுக்கொடுங்கள் என்று உங்களிடம் யார் சொன்னாலும் கேட்காதீர்கள். ஆனால் அவை மேலிருந்து இரக்கப்பட்டு இறங்கியவை அல்ல, கேட்டு வாங்கியவை. எட்டு மணி நேர வேலைக்காக 1886 மே முதல் நாள் அமெரிக்காவில் வேலைநிறுத்தம் தொடங்கியது. சில நாளில் சிகாகோவின் ஹேமார்க்கெட் கூட்டத்தில் யாரோ குண்டு வீச, வீசியது யார் என்று நிரூபிக்காமலே 1887 நவம்பரில் நான்கு பேரைத் தூக்கிலிட்டார்கள். நால்வரும் அரசின்மைவாதிகள். மாணவத் தம்பி, மாமா கொடியேற்றும் மே தினம் அவர்களுடைய நினைவு நாள். இந்தியாவில் அதை முதலில் 1923இல் சென்னைக் கடற்கரையில் கொண்டாடிய சிங்காரவேலர் மீனவக் குடும்பத்தில் பிறந்தவர்.

அணை விஷயம். கட்டச் சொன்னது அரசு, கல் சுமந்தது யார்? அதற்கு வரி கொடுத்தது யார்? வீடு, சாலை, இயந்திரம் என்று எதை எடுத்தாலும் அதில் எத்தனையோ தலைமுறைகளின் உழைப்பு கிடக்கிறது, ஒருவர் மட்டும் எப்படி எனது என்று சொல்லலாம் என்று குரோபோட்கின் 1892இல் வந்த நூலில் கேட்டார். தண்ணீர்ப் பங்கீட்டுக்கு ஸ்பெயினின் வலென்சியா நகரைப் பாருங்கள். அங்கே விவசாயிகள் தாங்களே தேர்ந்தெடுத்த நீர் மன்றம் வியாழக்கிழமைதோறும் பேராலய வாசலில் கூடி, வாய்க்கால் வழக்குகளை வாய்மொழியாகவே விசாரித்துத் தீர்ப்புச் சொல்கிறது. நூற்றாண்டுகளாக நடக்கிறது. அரசின்மைவாதிகள் ஏற்படுத்தியது அல்ல, ஆனால் அவர்கள் சொல்வது நடக்கக்கூடியது என்பதற்குச் சாட்சி.

குரோபோட்கின் இன்னொன்றும் சொன்னார். இங்கிலாந்துக் கரையில் புயலில் சிக்கியவர்களை மீட்க உயிரைப் பணயம் வைத்துப் படகிறக்கிய தன்னார்வலர்களைக் காட்டி, இவர்களுக்கு உத்தரவு போட்டது யார் என்று கேட்டார். 2017 ஒக்கிப் புயலுக்குப் பிறகு தூத்தூர் வட்டாரத்துப் படகுகள் தங்கள் ஆட்களைத் தேடித் தாங்களே கடலுக்குப் போனதைக் கண்டவர்களுக்கு அந்தக் கேள்வி புதிதல்ல. இனயத்தில் துறைமுகம் வேண்டாம் என்று ஊர் ஊராக எழுந்ததையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பொதுவாக இருக்கும் கரையை முதலீட்டுக்குத் திறந்துவிடும் கை பெரும்பாலும் அரசின் கைதான்.

ரப்பர் விலையில் உங்கள் கேள்வி நிற்கிறது, தம்பி. ஓர் ஊர்ச் சங்கம் பாங்காக் விலையைத் தொட முடியாது. சங்கங்கள் நாடு தாண்டிக் கூட்டமைப்பாக வேண்டும் என்பார்கள். அது எங்கும் பெரிய அளவில் நிலைத்ததாக நான் காட்ட முடியாது.

கேள்வி கேட்டவர்

அனைவருக்கும் நன்றி. மாமாவிடம் ஹேமார்க்கெட் கதையைச் சொன்னேன். நேரமெடுத்துக் கேட்டார். பிறகு, "அவ்வளவு நல்லவர்கள் ஸ்பெயினில் ஏன் தோற்றார்கள் என்று கேள்" என்றார்.

பதில்: கடற்கரைக் கணக்கர்

நல்ல கேள்வி, மாமாவிடம் சொல்லுங்கள். 1936 ஜூலையில் குடியரசு அரசாங்கத்துக்கு எதிராகத் தளபதி பிராங்கோவின் இராணுவக் கலகம் வெடித்ததும் பார்சலோனாவில் டிராம் வண்டிகளைத் தொழிலாளர்களே எடுத்து ஓட்டினார்கள். அரகோன் வட்டாரத்தில் நிலத்தைச் சேர்த்து உழுதார்கள். ஆனால் போர் தலைக்கு மேல் இருந்தது. அரசே வேண்டாம் என்றவர்களில் நான்கு பேர் அந்த நவம்பரில் அமைச்சர்களானார்கள். என் கணக்கில் அங்கேதான் பாதி தோல்வி. 1937 ஆகஸ்டில் அரகோனை நடத்திவந்த அரசின்மைவாதிகளின் குழுவைப் படை அனுப்பிக் கலைத்தது பிராங்கோ அல்ல, குடியரசு அரசாங்கம். அந்தப் படைக்குத் தலைமை தாங்கிய லிஸ்டர் கம்யூனிஸ்ட். மாமாவுக்கு இது கசக்கும். கசந்தாலும் சொல்லுங்கள், அவர் பதிலையும் இங்கே எழுதுங்கள். அப்படியே ஒரு நாள் காலையில் குளச்சல் ஏலத்துக்கு வாருங்கள். கமிஷன் யார் எடுக்கிறார், முன்பணம் யாருடையது, அது குறைகிறதா என்று நான்கைந்து படகுக்காரர்களிடம் கேட்டுவிட்டு, பக்கத்தில் கூடையோடு நிற்கும் அம்மாக்களிடமும் அதே கேள்விகளைக் கேளுங்கள்.