நான்கு வயதுத் தம்பியும் ஏழு வயது அக்காவும் சேர்ந்து ஆட எந்த வீடியோ கேம் பொருந்தும்?

கேள்வி

எனக்கு ஏழு வயதில் ஒரு மகளும் நான்கு வயதில் ஒரு மகனும் இருக்கிறார்கள். வார இறுதியில் அரை மணி நேரம் மூவரும் சேர்ந்து விளையாடலாம் என்று நிண்டெண்டோ ஸ்விட்ச் என்ற வீடியோ கேம் கருவியை வாங்கினோம். போட்டி விளையாட்டு என்றால் அழுகையில்தான் முடியும் என்பதால், எல்லாரும் ஒரே அணியாக ஓடித் தாவிச் செல்லும் விளையாட்டு ஒன்றைத் தேர்ந்தெடுத்தேன். மூன்று வயது முதல் ஆடலாம் என்று அட்டையிலேயே போட்டிருந்தது. ஆனாலும் முதல் நாளே சண்டை வந்துவிட்டது.

தாவ வேண்டிய இடம் வந்ததும் மகன் எந்தப் பொத்தான் என்று குனிந்து கண்ட்ரோலரைப் பார்க்கிறான். பார்த்துவிட்டு நிமிர்வதற்குள் அவனுடைய பொம்மை பள்ளத்தில் விழுந்துவிடுகிறது. சில சமயம் அக்காவின் பொம்மை மீது மோதி, அவளையும் சேர்த்துத் தள்ளிவிடுகிறான். அவள் கோபத்தில் கண்ட்ரோலரைப் பிடுங்குகிறாள். இருவருக்கும் வயது வித்தியாசம் இருப்பதால் இப்படித்தான் இருக்குமா, அல்லது நான் விளையாட்டைத் தேர்ந்தெடுத்த விதம் தவறா?

மறுமொழி 1

தவறு உங்களுடையது அன்று. அட்டையில் இருக்கும் வயது எண்ணை நாம் எல்லாருமே அப்படித்தான் படிக்கிறோம். ஐரோப்பாவின் பெகி என்ற வயதுத் தர முறையில் 3, 7, 12 என்று போடப்படும் எண்கள் வன்முறை, அச்சம், தகாத சொற்கள் போன்றவற்றை வைத்து இடப்படுபவை. அந்த வயதுக் குழந்தையால் அதை ஆட முடியுமா என்பதை அவை சொல்வதில்லை.

நான் ஒவ்வொரு விளையாட்டிலும் முதலில் பார்ப்பது ஒன்றைத்தான்: சின்னவர் தவறு செய்தால் பெரியவருக்கு என்ன நேர்கிறது? நியூ சூப்பர் மேரியோ பிரதர்ஸ் வரிசையில் ஆட்டக்காரர்கள் ஒருவர்மேல் ஒருவர் மோதுவார்கள், தலையில் குதிப்பார்கள், தூக்கியும் எறிவார்கள். சம திறமை உள்ளவர்களுக்கு அது கொண்டாட்டம். உங்கள் வீட்டில் அதுவே சண்டைக்கு வித்து. 2023இல் வந்த சூப்பர் மேரியோ பிரதர்ஸ் வொண்டரில் இந்த மோதல் இல்லை. ஒருவரை ஒருவர் ஊடுருவிச் சென்றுவிடலாம். அதில் யோஷி, நாபிட் ஆகிய பாத்திரங்களுக்கு எதிரிகளால் அடிபடுவதே கிடையாது. யோஷியின் முதுகில் மற்றவர் ஏறிக்கொள்ளவும் முடியும் என்பதால், மகளை யோஷியாக்கி, கடினமான இடங்களில் தம்பியைச் சுமந்து செல்லச் சொல்லலாம். பள்ளம் மட்டும் இந்தப் பாத்திரங்களுக்கும் ஆபத்துதான்.

2005இல் லெகோ ஸ்டார் வார்ஸுடன் தொடங்கிய லெகோ விளையாட்டு வரிசையும் இந்த வகையில் மிக நல்லது. அங்கே தோற்றால் பொம்மை துண்டு துண்டாக உதிர்ந்து, சேர்த்த காசில் கொஞ்சம் குறைந்து, அதே இடத்தில் மறுபடி எழுந்துவிடும். இரண்டாமவர் எப்போது வேண்டுமானாலும் ஆட்டத்தில் நுழையலாம், விலகலாம். நான்கு வயதுக் குழந்தை பாதியில் எழுந்து போவது இயல்பு என்பதால் இந்த வசதி பெரிய நிம்மதி.

மறுமொழி 2

மேலே சொன்னவற்றோடு உடன்படுகிறேன். ஆனால் அடிபடாத பாத்திரத்தைச் சின்னவருக்குக் கொடுத்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று பலர் நினைப்பதை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. சூப்பர் மேரியோ ஒடிசியில் ஒருவர் மேரியோவாகவும் மற்றவர் அவருடைய தொப்பியாகவும் ஆடலாம். என் மகளுக்கு ஐந்து வயதானபோது தொப்பியைக் கொடுத்தேன். இரண்டு நாள் மகிழ்ச்சியாக ஆடியவள், மூன்றாம் நாள், "நான் இல்லாவிட்டாலும் நீங்கள் போய்க்கொண்டே இருப்பீர்கள்தானே?" என்று கேட்டாள். தான் துணைக்கு வந்தவள் மட்டுமே என்பது குழந்தைக்குத் தெரிந்துவிடுகிறது.

ஆகவே, முடிந்த இடங்களில் முதன்மைப் பாத்திரத்தைச் சின்னவரிடமே கொடுங்கள். 2022இல் வந்த கிர்பி அண்ட் தி ஃபர்காட்டன் லேண்டில் கேமரா, அதாவது திரையில் தெரியும் காட்சி, முதன்மைப் பாத்திரமான கிர்பியைத்தான் பின்தொடரும். ஈட்டி ஏந்திய இரண்டாம் பாத்திரம் மிகவும் பின்தங்கினால் தானாகவே கிர்பியின் அருகே கொண்டுவரப்படும். பெரியவர் கிர்பியாக இருந்தால் சின்னவர் ஓயாமல் இழுபடுவார். சின்னவர் கிர்பியாக இருந்தால் அவர் வேகத்துக்கே எல்லாரும் நடப்பார்கள், ஈட்டிக்காரர் முன்னால் சென்று எதிரிகளை விலக்கி வழி செய்து கொடுக்கலாம். எளிய நிலையைத் தேர்ந்தெடுக்கும் வசதியும் அதில் இருக்கிறது. இன்னொன்றும் கவனியுங்கள்: ஒரு கையால் நடந்துகொண்டே மறு கையால் கேமராவைத் திருப்ப வேண்டிய விளையாட்டுகள் நான்கு வயதுக்குப் பெரும் சுமை.

மறுமொழி 3

தவிர்க்க வேண்டியவற்றையும் யாராவது சொல்ல வேண்டும். இட் டேக்ஸ் டூ, கூட்டாக ஆடும் விளையாட்டுகளில் மிகவும் புகழ் பெற்றது, பார்க்கவும் பொம்மை உலகம் போல இருக்கும். ஆனால் அதன் கதை, மணவிலக்குப் பெறப் போகும் பெற்றோரைப் பற்றியது, பெகி முறையில் 12 வயதுக்கானது. ஓவர்குக்ட் சமையல் விளையாட்டில் கடிகாரம் ஓடிக்கொண்டே இருப்பதால், அன்பான குடும்பங்களிலும் குரல் உயரும். பின்னர் வந்த ஆல் யூ கேன் ஈட் பதிப்பில் நேரத்தைக் கூட்டித் தரும் உதவி நிலை உண்டு என்றாலும், மகன் இன்னும் இரண்டு மூன்று வயது வளரட்டும்.

மகளும் நீங்களும் மட்டும் ஆடுவதற்கு அன்ராவல் டூ பாருங்கள். இரண்டு நூல் பொம்மைகள் ஒரே நூலால் பிணைந்திருக்கும். ஒன்று விழுந்தால் மற்றது பிடித்துக்கொள்ளும், விழுந்தது நூலைப் பற்றி ஏறி வரலாம். கடினமான இடத்தில் இரண்டும் ஒன்றாகிவிட்டால், ஒருவரே கடந்து போய்விடலாம். விழுந்தவரைத் திட்டுவதை விட்டுவிட்டுத் தூக்கிவிடும் பழக்கம் அங்கே விளையாட்டாகவே வந்துவிடுகிறது.

கேட்டவர்

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. உறவினர் ஒருவரிடமிருந்து கிர்பி விளையாட்டை வாங்கி வந்து நேற்று ஆடினோம். மகன்தான் கிர்பி. காரை விழுங்கிக் காராகவே ஓடும் இடம் வந்ததும், வழியை மறந்து ஒரே இடத்தைச் சுற்றிச் சுற்றி ஓட்டிக்கொண்டிருந்தான்; மகள் பொறுமையிழந்து ஈட்டியோடு தனியே முன்னால் போக, விளையாட்டே அவளைத் தம்பியிடம் திருப்பிக் கொண்டுவந்துவிட்டது. முதலில் முகம் சுளித்தவள், பிறகு, "இந்தப் பக்கம் வா, இங்கே நட்சத்திரம் இருக்கிறது" என்று அவனை அழைக்கத் தொடங்கினாள். கண்ட்ரோலரை ஒருமுறைகூடப் பிடுங்கவில்லை. அடுத்த வாரம் தனக்கும் கிர்பி வேண்டும் என்று சொல்லியிருக்கிறாள். ஒரு கட்டத்துக்கு ஒருவர் என்று மாற்றிக்கொடுக்கலாம் என்று நினைக்கிறேன். ஈட்டியைப் பிடிக்கும் முறை வரும்போது மகன் என்ன செய்வான் என்பதை ஆடிப் பார்த்துவிட்டு இங்கேயே எழுதுகிறேன்.