கலைச்சொல் வேண்டும்: கல்லுக்குள் கோத்துத் தூக்கும் ‘லூயிஸ்’

வணக்கம்.

ரோமானியக் கட்டுமானம் பற்றிய கட்டுரைக்கு ‘லூயிஸ்’ என்ற கருவியின் தமிழ்ப்பெயர் தேவை. கல்லின் மேல்முகத்தில் வாய் குறுகி அடி அகன்ற குழி ஒன்றை வெட்டுவார்கள். அதற்குள் மூன்று இரும்புத் துண்டுகளை ஒவ்வொன்றாக இறக்கி, தலைப்பில் உள்ள கண்களில் ஆணி கோத்து, வளையம் மாட்டித் தூக்குவார்கள். கயிறு கல்லைச் சுற்றிப் போகாது என்பதுதான் இதன் பெரிய லாபம். பக்கத்துக் கல்லோடு இடைவெளி இல்லாமல் இறக்கலாம், இறக்கிய பிறகு அடியில் சிக்கிய கயிற்றை உருவும் பாடும் இல்லை.

‘லூயிஸ்’ என்றே விட்டால் வாசகருக்கு ஒன்றும் விளங்காது. பதினான்காம் லூயி மன்னனின் பெயர் என்று சிலர் எழுதுவதும் சரியல்ல, அவனுக்கு வெகுகாலம் முன்பே ஆங்கிலத்தில் இருந்த சொல் அது. ‘ஆப்புக்கொக்கி’ பொருந்துமா?

— இரா.

•

இரா. ஐயா, ‘ஆப்பு’ வேண்டாம். கல் வேலையில் ஆப்பு என்றால் பிளப்பது. வரிசையாகக் குழி போட்டு ஆப்பு அடித்துக் கல்லை உடைப்பதை நம் ஊர்க் குவாரிக்காரர் எல்லோரும் அறிவர். ‘ஆப்புக்கொக்கி’ என்றால் தூக்க வேண்டிய கல்லுக்கே ஆப்பு வைத்ததாகிவிடும்!

கொக்கியும் இடிக்கிறது. கொக்கி எதிலாவது மாட்டித் தொங்கும். இதில் மாட்டல் இல்லை, ஓரத் துண்டுகளின் சரிவுகள் இரண்டும் குழிச்சுவரை அழுத்திப் பிடிக்கின்றன. கவ்வுகிறது என்பதே சரி. ஸ்பெயினில் உள்ள செகோவியா நீர்ப்பாலத்துக் கருங்கற்களில் எதிரெதிர் முகங்களில் சிறு பள்ளங்களைப் பார்க்கலாம். அவை இடுக்கி போன்ற கருவி வெளியிலிருந்து கவ்விய இடங்கள். அது வெளிக்கவ்வி என்றால் இது உட்கவ்வி.

— செ.

•

‘உட்கவ்வி’ நன்றாக இருக்கிறது. ஆனால் ஆப்பின் குணம் இதில் இல்லவே இல்லை என்று நினைத்துவிட வேண்டாம். கணக்கைப் பாருங்கள்.

குழியின் ஆழம் 12 செ.மீ., வாய் நீளம் 8, அடி நீளம் 12 என்று வைப்போம். ஒவ்வொரு பக்கமும் 2 செ.மீ. விரிகிறது, அதாவது ஆறுக்கு ஒன்று சரிவு. ஓரக்கால்கள் (ஓரத் துண்டுகள்) இரண்டும் மேலே 2.5, அடியில் 4.5 செ.மீ. நடுத்துண்டு மேலிருந்து கீழ்வரை ஒரே சீராக 3 செ.மீ. முதலில் ஓரக்கால் ஒன்றை இறக்கிச் சுவரோடு ஒதுக்க வேண்டும், பிறகு அடுத்ததை. கடைசியில்தான் நடுத்துண்டு. நடுத்துண்டின் கனம் ஒருபக்க விரிவைவிட, இங்கே 2 செ.மீ.யைவிட, குறையக் கூடாது. குறைந்தால் இரண்டாவது காலின் அகன்ற அடி வாய்க்குள் நுழையவே நுழையாது. கழற்றும்போது இதே வரிசை தலைகீழாக.

இதைக்கொண்டு 1,200 கிலோ கல்லைத் தூக்கினால், ஒவ்வொரு பக்கமும் 600 கிலோ சுமை. உராய்வை விட்டுவிட்டால், சுவரைப் பக்கவாட்டில் தள்ளும் விசை அதைப்போல் ஆறு மடங்கு, 3,600 கிலோ. உராய்வு உதவுவதால் நடைமுறையில் இது வெகுவாகக் குறையும். ஆனாலும் சரிவு செங்குத்தாக ஆக ஆக, தள்ளும் விசை ஏறும். குழியைக் கல்லின் விளிம்பருகே வெட்டினால் அந்தப் பக்கம் தெறித்துவிடும்.

வேறு கோளாறுகளும் உண்டு. குழி ஈர்ப்பு மையத்துக்கு நேர்மேலே இல்லாவிட்டால் கல் சாயும், சுமை முழுக்க ஒரே காலில் விழும். குழிச்சரிவும் கால்சரிவும் ஒத்துப்போகாவிட்டால் முகம் முழுக்கப் படியாமல் ஒரு கோட்டில் மட்டும் அழுந்தி, குழிவாய் பொரிந்துபோகும். அடியில் கல்தூள் கிடந்தால் கால் முழுக்க இறங்காது, கண்கள் நேர்ப்படாமல் ஆணி கோக்க வராது. அடுக்கடுக்காகப் படிந்த மணற்கல்லில் ஆழமில்லாத குழி என்றால் மேலடுக்கு மட்டும் கையோடு வந்துவிடும். பண்டைய கிரேக்கப் பொறியியலாளர் ஹெரோன் எழுதிய ‘மெக்கானிகா’ குஸ்தா இப்னு லூக்காவின் அரபு மொழிபெயர்ப்பால்தான் நமக்கு முழுமையாகக் கிடைத்திருக்கிறது. அதில் இரும்பைப் பற்றியும் எச்சரிக்கை உண்டு: மிகக் கடினமானால் முறியும், மிக மென்மையானால் வளையும்.

பேரெடைக்கு ஒரு குழி போதாது. லெபனானில் உள்ள பால்பெக் ஜூபிடர் கோயிலின் உச்சி மூலைக்கல் 100 டன்னுக்கு மேல், ஏற்றிய உயரம் சுமார் 19 மீட்டர். அங்கே பல கவ்விகளும் பல பாரந்தூக்கிகளும் ஒன்றாக இழுத்தாக வேண்டும்.

— ந.

•

ஏற்றுக்கொள்கிறேன். ரோமானியக் கட்டடக் கலைஞர் விட்ருவியஸும் செ. அம்மா பக்கம்தான். பத்தாம் நூலில் கப்பியின் அடியில் ‘இரும்பு இடுக்கி’ கட்டி, அதன் பற்களைக் கல்லில் துளைத்த ஓட்டைகளில் பொருத்துவதாகச் சொல்கிறார். அங்கேயும் கவ்வும் கருவிதான். (பிரெஞ்சுக்காரருக்கும் ஜெர்மானியருக்கும் இது ஓநாய், இத்தாலியருக்குக் குட்டி ஒலிவம். நாம் விலங்கு தேடிப் போக வேண்டாம்.)

மூன்று துண்டுள்ளது மூக்கால் உட்கவ்வி, வளைந்த இரு கால்களைச் சங்கிலி இழுத்து விரிப்பது சங்கிலி உட்கவ்வி. குழிக்கு ‘கவ்விக்குழி’ என்று போடலாமா?

— இரா.

•

‘மூக்கால்’ என்றதும் மூக்குதான் நினைவுக்கு வரும். ‘முக்கால்’ என்றாலோ 0.75. ‘மூன்றுகால் உட்கவ்வி’ என்றே நீட்டிவிடுங்கள்.

‘கவ்விக்குழி’யிலும் சிக்கல். செகோவியாவின் பக்கப் பள்ளமும் கவ்விக்கானதுதானே? லூயிஸுக்கு உரியது அடி விரிந்த குழி, எனவே ‘விரிகுழி’. பக்கப் பள்ளத்துக்குக் ‘கவ்வுப்பள்ளம்’. இடிபாட்டுக் கல்லைப் பார்த்துக் காலம் கணிப்பவருக்கு இந்த வேறுபாடு தேவை. சிசிலித் தீவில் அக்ரிஜெந்தோவின் ஜீயஸ் கோயில் கற்களில் உள்ள ‘ப’ வடிவக் காடி மூன்றாவது வகை, அதில் கயிறு நேரடியாகப் படியும். அதைக் ‘கயிற்றுக்காடி’ என்கலாம். அதே தீவின் செஜெஸ்தா கோயிலில் செதுக்காமல் விட்ட புடைப்புகளும் கயிறு மாட்டத்தான். அவற்றுக்கு ‘தூக்குக்குமிழ்’ சரிவருமா என்று ந. ஐயா சொல்லட்டும்.

— செ.

•

தூக்குக்குமிழ் சரி. ஆனால் எல்லாக் குமிழும் தூக்குவதற்கு அல்ல, கடப்பாரையை முட்டுக்கொடுத்துக் கல்லை நகர்த்தவும் சில பயன்பட்டன. படவிளக்கத்தில் வெறும் ‘குமிழ்’ என்று போட்டு, கயிற்றுத் தேய்மானம் தெரிந்தால் மட்டும் ‘தூக்கு’ சேருங்கள்.

— ந.