வீடு மாற்றித் தரும் தொழிலுக்குக் 'காமன் கேரியர்' பதிவு கட்டாயமா?

கழனிவாசல் இளைஞன்:
வணக்கம். காரைக்குடியில் வீட்டுச் சாமான்களைக் கட்டி ஏற்றி, ஊர் மாற்றிக் கொடுக்கும் தொழிலைத் தொடங்க இருக்கிறேன். சொந்தமாக ஒரு குட்டி யானை (டாட்டா ஏஸ் சிறு சரக்கு வண்டி) உண்டு. பெரிய வீடுகளுக்கு ஈச்சர் வண்டியை வாடகைக்கு எடுப்பேன். ஏற்றி இறக்க நான்கு பேர் இருக்கிறார்கள். சிறுதொழில்களுக்கான உத்யம் பதிவைக் கட்டணமின்றி முடித்துவிட்டேன். 2007ஆம் ஆண்டின் சாலைவழிச் சரக்குப் போக்குவரத்துச் சட்டப்படி 'காமன் கேரியர்' (எல்லோருக்கும் பொதுவாகச் சரக்கு ஏற்றுபவர்) என்றும் பதிய வேண்டும் என்கிறார் ஒருவர். அது பார்சல் லாரி நிறுவனங்களுக்கு மட்டும்தான் என்கிறார் இன்னொருவர். எது சரி?

தேவகோட்டை லாரிக்காரர்:
தம்பி, இருபத்திரண்டு ஆண்டுகளாக வண்டி ஓட்டுகிறேன். வழியில் நிறுத்தியவர்கள் ஆர்.சி., எஃப்.சி., காப்பீடு, ஓட்டுநர் உரிமம், புகைச் சான்று ஆகியவற்றைக் கேட்டிருக்கிறார்களே தவிர, இந்தப் பதிவை ஒருவரும் கேட்டதில்லை. மொத்த எடை 3,000 கிலோவைத் தாண்டாத சரக்கு வண்டிக்கு மோட்டார் வாகனச் சட்டத்தின் 66ஆம் பிரிவே பெர்மிட்டிலிருந்து விலக்கு அளிப்பதால், உங்கள் குட்டி யானைக்கு அதுவும் வேண்டாம். ஆண்டு வரவு 20 லட்சம் ரூபாயைத் தாண்டும் வரை ஜிஎஸ்டி பதிவும் பொதுவாகத் தேவைப்படாது.

சட்டம் யாரைக் காமன் கேரியர் என்கிறது? யார் வந்தாலும் பாகுபாடின்றிச் சரக்கு ஏற்றுபவரை. நாம் அப்படியில்லை. ஒவ்வொரு வீட்டுக்கும் நேரில் போய், படிக்கட்டையும் வாசல் அகலத்தையும் பார்த்து, முடியும் என்றால் மட்டுமே ஒப்புக்கொள்கிறோம். அது இருவருக்கு இடையிலான தனி ஒப்பந்தம். ஒற்றை வண்டி வைத்திருப்பவனை நாள் கணக்கில் அலுவலகத்துக்கு அலையவிடுவது அவன் கூலியைப் பறிப்பதாகும்.

சிவகங்கை வழக்கறிஞர்:
லாரிக்கார ஐயா சொல்லும் தனி ஒப்பந்த வாதத்துக்குச் சட்டத்தில் இடம் உண்டு என்பதை மறுக்கவில்லை. ஒரே ஆலைக்கு மட்டும் ஆண்டு முழுவதும் ஓட்டுபவர் அப்படி வாதாடலாம். ஆனால் கடை வாசலில் பலகை மாட்டி, கைபேசி எண்ணை ஊரெங்கும் ஒட்டி, அழைத்தவர் எல்லோருக்கும் விலை சொல்லும் ஒருவர், 'நான் எல்லோருக்கும் பொதுவானவன் அல்லன்' என்று நீதிமன்றத்தில் நிலைநாட்டுவது எளிதன்று. அந்த வரையறை சரக்கு முன்பதிவு நிறுவனம், ஒப்பந்தக்காரர், முகவர், தரகர் ஆகியோரையும் சேர்த்தே பேசுகிறது. சொந்த வண்டி இல்லை என்பதால் எவரும் வெளியே நின்றுவிட முடியாது.

பதிவின்றித் தொழில் செய்தால் முதல் முறை 5,000 ரூபாய் வரையிலும், மறுமுறை 10,000 ரூபாய் வரையிலும் அபராதம் உண்டு. பதிவு ஒருமுறை கிடைத்தால் பத்து ஆண்டுகளுக்குச் செல்லும். இதை அலைச்சல் என்று தள்ளிவிட வேண்டாம்.

கண்டனூர் ஆச்சி:
அபராதத்தைப் பற்றி எனக்குக் கவலையில்லை. பொருளைப் பறிகொடுத்தவள் என்ற முறையில் எழுதுகிறேன். பங்காளிகளுக்குப் பொதுவான எங்கள் வீட்டுப் பட்டாலையில் (கூடத்தில்) இருந்த அப்பத்தாவின் பர்மாத் தேக்கு அலமாரியைச் சென்ற ஆண்டு சென்னைக்குக் கொண்டுபோகச் செய்தேன். அதன் கதவில் பெல்ஜியம் கண்ணாடி. வந்தவர்கள் கதவைக் கழற்றவில்லை, அட்டை வைக்கவில்லை; ஒற்றைப் போர்வையைச் சுற்றி, கயிற்று முடிச்சு சரியாகக் கண்ணாடியின் நடுவில் விழும்படி இழுத்துக் கட்டினார்கள். சென்னையில் போர்வையைப் பிரித்தபோது முடிச்சு இருந்த இடத்திலிருந்து நான்கு மூலைக்கும் விரிசல் ஓடியிருந்தது.

என் கையில் இருந்தது ஒரு துண்டுச் சீட்டு. 'வீட்டுச் சாமான், 1 லோடு, ரூ.14,000' என்பதைத் தவிர அதில் ஒன்றுமில்லை. 'ஏற்றும்போதே விரிசல் இருந்தது' என்று அவர்கள் சொன்னார்கள்; இல்லை என்று காட்ட என்னிடம் ஓர் எழுத்தும் இல்லை. தொழில் தொடங்கப் போகும் தம்பி இதை மனத்தில் வைக்க வேண்டும்.

சிவகங்கை வழக்கறிஞர்:
ஆச்சி, அந்தச் சட்டத்தின் பயனே இங்கேதான் இருக்கிறது. அனுப்புபவர் பொருளையும் மதிப்பையும் எழுதிக் கொடுக்க வேண்டும். ஏற்றுபவர் மூன்று படிகளில் சரக்கு ரசீது போட்டு, மூலப் படியை அனுப்புபவரிடம் தர வேண்டும். சேதம் நேர்ந்தால் ஏற்றியவரின் கவனக்குறைவை நீங்கள் மெய்ப்பிக்கத் தேவையில்லை. 2011ஆம் ஆண்டு விதிகளின்படி பொறுப்பு வாடகையைப் போல் பத்து மடங்கு வரை, ஆனால் எழுதிக் கொடுத்த மதிப்புக்கு மேற்படாது. 14,000 ரூபாய் வாடகைக்கு உச்ச அளவு 1,40,000 ரூபாய். அதற்கு மேல் பாதுகாப்பு வேண்டுபவர், ஏற்றுபவர் குறிக்கும் கூடுதல் இடர்க் கட்டணத்தைச் செலுத்தி ஒப்புக்கொள்ளலாம். முன்பதிவு செய்த நாளிலிருந்து 180 நாட்களுக்குள் எழுத்து மூலம் அறிவிப்புக் கொடுக்க வேண்டும் என்பதை மறந்துவிடாதீர்கள். நுகர்வோர் ஆணையத்துக்குப் போவதாக இருந்தால் இரண்டு ஆண்டுக் காலம் உண்டு. 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி நீங்கள் குடியிருக்கும் சென்னையிலேயே புகார் கொடுக்கலாம்.

தேவகோட்டை லாரிக்காரர்:
ஆச்சிக்கு நேர்ந்தது தவறு. கயிறு கட்டத் தெரியாதவர்கள் இந்தத் தொழிலுக்கு வரக்கூடாது. ஆனால் நடைமுறையையும் சொல்கிறேன். எங்கள் பக்கத்து வீடுகளில் மதிப்பை எழுதச் சொன்னால் எழுதமாட்டார்கள். பங்காளிகள் ஆறு பேருக்கு உரிய வீட்டில் ஒருவர் அலமாரிக்கு மூன்று லட்சம் என்று எழுதினால், அடுத்த நாள் மற்ற ஐவரும் அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு பங்கு கேட்பார்கள். 'சும்மா ஏற்றுப்பா, எழுத்தெல்லாம் வேண்டாம்' என்று சொல்லி ஏற்றவைத்தவர்களை நானே பார்த்திருக்கிறேன். மதிப்பு எழுதாத வீட்டுக்குப் பதினான்காயிரத்துக்கு வேலை செய்பவன் எதன் அடிப்படையில் பொறுப்பேற்பான்?

கண்டனூர் ஆச்சி:
ஐயா, பங்காளிப் பேச்சு உண்மைதான். ஆனால் கல்யாணத்துக்கு இசைகுடிமானம் என்னும் திருமண ஒப்பந்தம் எழுதி, சீர்ச் சாமான் பரப்பி, எவர்சில்வர் கரண்டி வரை கணக்கில் ஏற்றும் ஊர் நம்முடையது. லாரியில் ஏற்றும்போது மட்டும் எழுதக் கூச்சப்படுவது எங்கள் பக்கத்துப் பிழை. விலை எழுத மனமில்லாதவர்கள் பொருளின் பெயரையும் அப்போதைய நிலையையும், 'கண்ணாடி முழுமை, இடது கால் தளர்வு' என்ற அளவிலாவது எழுதிக் கையெழுத்திடட்டும்.

சிவகங்கை வழக்கறிஞர்:
அதை ஒப்புக்கொள்கிறேன். இரண்டு செய்திகளை மட்டும் சேர்க்கிறேன். பயன்படுத்திய வீட்டுச் சாமான்களுக்கு இ-வே பில் (சரக்கு கொண்டுசெல்வதற்கான ஜிஎஸ்டி மின்னணு ஆவணம்) தேவையில்லை. ஆயினும் அந்தப் பட்டியல் வண்டியில் இருந்தால் சோதனையில் நேரம் வீணாகாது. இங்குள்ள வீடுகளில் நூறாண்டு கடந்த சிற்பங்களும் ஓவியங்களும் உண்டு என்பதால், அவற்றை ஏற்றும் முன் 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டத்தின் கீழ் பெற்ற பதிவுச் சான்றின் நகலைக் கேட்டு வாங்குங்கள்.

கழனிவாசல் இளைஞன்:
எல்லோருக்கும் நன்றி. பதிவுக்கு விண்ணப்பிக்கிறேன். ஒரு சந்தேகம்: வாடகைக்கு எடுத்த ஈச்சரில் ஏற்றினால் ரசீது யார் பெயரில் இருக்க வேண்டும்?

சிவகங்கை வழக்கறிஞர்:
வேலையை ஒப்புக்கொண்டவர் நீங்கள். ரசீதும் உங்கள் பெயரில்தான். வண்டிக்காரரிடம் நீங்கள் தனியே எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும்.

தேவகோட்டை லாரிக்காரர்:
ஒற்றை வண்டிக்காரனுக்கு இந்தப் பதிவு வேண்டாம் என்ற என் கருத்து மாறவில்லை. ஆனால் என் ரசீதுப் புத்தகத்தில் இதுவரை பொருளின் நிலைக்கென்று ஒரு கட்டம் இருந்ததில்லை; அடுத்த முறை அச்சடிக்கும்போது அதைச் சேர்க்கிறேன்.