எக்ஸ்டென்ஷன் டியூப், ரைசர் போட்ட பிறகு ஏர் ரைஃபிளில் குண்டு இடப்பக்கம் விலகுகிறது: எதை மாற்றுவது?

பத்துமீட்டர்_மதுரை

வணக்கம். 10 மீட்டர் ஏர் ரைஃபிள், பீப் சைட் (பின்னால் சிறு ஓட்டை, முன்னால் வளையம், இரண்டின் வழியாகவும் குறி பார்ப்பது), வலக்கைப் பழக்கம். மூன்று பொருள்களை ஒரே நேரத்தில் சேர்த்தேன்: முன் சைட்டை முன்னே தள்ளிவைக்கும் 120 மி.மீ. எக்ஸ்டென்ஷன் டியூப், முன்னும் பின்னும் சைட்டை உயர்த்தும் 10 மி.மீ. ரைசர் பிளாக், பேரல் முனையில் 100 கிராம் வெயிட் இரண்டு. முன் ரிங் (முன் சைட்டின் வளையம்) பழைய 3.8 மி.மீ. தான். பின் ஐரிஸ் (பின் சைட் ஓட்டை) 1.1 மி.மீ. மேட்ச் பெல்லட் (ஏர் ரைஃபிள் குண்டு), 0.53 கிராம், தலை விட்டம் 4.50 மி.மீ.

சைட்டைத் திருத்தி மையத்துக்குக் கொண்டுவந்தாச்சு. முதல் இரண்டு சீரிஸ் (10 குண்டு ஒரு சீரிஸ்) 10.2, 10.4 என்று ஒழுங்காகப் போகிறது. மூன்றாவது சீரிஸிலிருந்து 9 மணிப் பக்கம் (இடப்பக்கம்) 9.4, 9.5 விழ ஆரம்பிக்கிறது. அதற்குச் சைட்டின் திருகில் கிளிக் வைத்தால் கொஞ்ச நேரத்தில் வலப்பக்கம் ஒன்று போய்விடுகிறது. டியூப் கோளாறா, பெல்லட் கோளாறா? அடுத்து ஹூக் பட் பிளேட்டும் (தோளில் கொக்கி போல் மாட்டுவது) புது ட்ரிகர் பிளேடும் வாங்க யோசனை. பணத்தைப் போடும் முன் ஒரு வார்த்தை சொல்லுங்க.

வளையக்குறி

முதலில் கிளிக்கைத் தொடாதீங்க தம்பி. கிளிக் வைத்ததும் குண்டு மறுபக்கம் போகிறதென்றால் சைட் நகரவில்லை, பிடிப்புதான் மாறிக்கொண்டே இருக்கிறது என்று அர்த்தம்.

இருந்தாலும் ரைஃபிளைச் சந்தேகப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுவது நல்லது. ரேஞ்சில் வைஸ் இருந்தால் அதில் இறுக்கி 10 பெல்லட் விடுங்க. பெல்லட்டின் விட்டமே 4.5 மி.மீ. அதனால் 10 குண்டும் சேர்ந்த ஓட்டை வெளி விளிம்பிலிருந்து வெளி விளிம்பு வரை 6 மி.மீ.க்குள் இருந்தால் பேரலையும் பெல்லட்டையும் குறை சொல்ல ஒன்றுமில்லை. 7, 8 என்று விரிந்தால் மட்டும் 4.49, 4.51 தலைகளையும், ஆர்10, ஃபினாலே மேட்ச் மாதிரி வேறு பெல்லட்டுகளையும் அதே வைஸில் பாருங்க. வைஸ் இல்லாமல் நின்று சுட்டு பெல்லட் தேர்வு செய்வது வீண் வேலை.

என் சந்தேகம் முன் ரிங் மேல்தான். டியூப் போட்டால் ரிங்கையும் மாற்றியாகணும். இதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். கணக்கு சுலபம்:

அட்டையின் கறுப்பு வட்டம் 30.5 மி.மீ. டியூப் இல்லாதபோது கண்ணிலிருந்து முன் சைட் ஏறக்குறைய 0.82 மீட்டர். அந்தத் தூரத்தில் கறுப்பு 2.5 மி.மீ. அளவுக்குத் தெரியும். 3.8 ரிங்கில் சுற்றிலும் 0.65 மி.மீ. வெள்ளை கிடைத்தது. இப்போது முன் சைட் 0.94 மீட்டரில் இருக்கிறது. கறுப்பு 2.87 மி.மீ. ஆகிவிட்டது, வெள்ளை 0.47தான் மிச்சம். ரிங்கே தூரம் போய்விட்டதால் கண்ணுக்கு அந்த வெள்ளை இன்னும் மெலிசு.

வெள்ளை மெலிந்தால் இரண்டு கேடு. கண் சீக்கிரம் களைத்துவிடும், கறுப்பு மையத்தில்தான் இருக்கிறதா என்று மூளைக்கு நிச்சயம் வராது. அதனால் விடவேண்டிய நேரத்தில் விடாமல் பிடித்துக்கொண்டே இருப்பீங்க. மூன்றாவது சீரிஸில் தொடங்குவதற்கு இதுவும் ஒரு காரணம். பழைய தோற்றமே வேண்டுமென்றால் 4.4. நான் சொல்வது 4.5. ரிங் பெரிதானால் குறி தளர்ந்துவிடும் என்ற பயம் வேண்டாம். வட்டத்துக்குள் வட்டத்தை நடுவில் வைப்பதைக் கண் தானாகச் செய்யும், அதற்கு வெளிச்சமும் இடமும் வேண்டும், அவ்வளவுதான்.

சீக்பீஸ்_கோவை

ரிங் பற்றி அண்ணா சொன்னது சரி. ஆனால் குண்டு ஏன் இடப்பக்கமே போகிறது என்பதற்கு அது பதில் இல்லை.

சைட்டை 10 மி.மீ. ஏற்றியிருக்கீங்க, சீக் பீஸை (கன்னம் வைக்கும் பகுதியை) ஏற்றினதாக எழுதவில்லை. கண் இப்போது ஓட்டைக்குக் கீழே இருக்கும். களைப்பு வரவர, தலையைத் தூக்குவதற்குப் பதிலாக ரைஃபிளை முகத்துப் பக்கம் சாய்ப்பீங்க. வலக்கைக்காரருக்கு அது இடப்பக்கச் சாய்வு. கேண்ட் (ரைஃபிளின் சாய்வு) எந்தப் பக்கமோ குண்டும் அந்தப் பக்கம்.

எவ்வளவு போகும் என்றால், மேட்ச் ரைஃபிளில் வேகம் விநாடிக்கு 170 மீட்டர் சுற்று. 10 மீட்டர் போவதற்குள் பெல்லட் ஏறக்குறைய 18 மி.மீ. இறங்கும். அந்த இறக்கத்தைச் சரிக்கட்ட பேரல் கொஞ்சம் மேல்நோக்கி இருக்கிறது. ரைஃபிள் சாய்ந்தால் அந்த மேல்நோக்கு பக்கவாட்டில் திரும்பும். ஒரு டிகிரிக்கு 0.3 மி.மீ., 5 டிகிரிக்கு 1.6 மி.மீ. ஒரு முழுப் புள்ளி என்பது 2.5 மி.மீ. ஆக, 5 டிகிரியில் 0.6 புள்ளி போச்சு. எப்போதும் ஒரே அளவு சாய்த்தால் கேடில்லை, சைட்டில் சரிசெய்துகொள்ளலாம். உங்களுக்கு நடுவழியில் மாறுகிறது, அதுதான் பிரச்சினை.

மீதிக் குறை கண் தள்ளிப்போவதால். பின் ஓட்டைக்கும் முன் ரிங்குக்கும் நடுவே 0.1 மி.மீ. பிசகினால் அட்டையில் 1.1 மி.மீ. இரண்டையும் கூட்டிப் பாருங்க, 10.4 எப்படி 9.4 ஆகிறது என்று தெரியும்.

சீக் பீஸைச் சரிபார்க்க: ரைஃபிளை நிலைக்குக் கொண்டுவந்து, கண்ணை மூடி, கன்னத்தின் முழுப் பாரத்தையும் இறக்குங்க. இரண்டு மூச்சு விட்டுக் கண்ணைத் திறங்க. முன் டனல் (ரிங் இருக்கும் முன் சைட்டுக் குழல்), பின் ஓட்டையின் நடுவில் இருக்கணும். கீழ்ப்பக்கம் ஒதுங்கித் தெரிந்தால் கண் தாழ்ந்திருக்கிறது, சீக் பீஸை 2 மி.மீ. ஏற்றிவிட்டு மறுபடி பாருங்க. 10 மி.மீ. ஒரே மூச்சில் ஏற்றினால் கழுத்து பிடித்துக்கொள்ளும்.

பத்துமீட்டர்_மதுரை

ரொம்ப நன்றி அக்கா. வைஸில் 10 பெல்லட், வெளி அளவு 5.8 மி.மீ. பின்னாலிருந்து போட்டோ எடுக்கச் சொன்னேன். முதல் சீரிஸில் நேராக இருக்கிறது, நாலாவதில் நன்றாகவே இடப்பக்கம் சாய்ந்திருக்கிறது. டனலில் ஸ்பிரிட் லெவல் (சாய்வு காட்டும் குமிழி) போட்டுக்கொள்ளலாமா? அந்த 200 கிராம் வெயிட்டை என்ன செய்வது?

விதிப்புத்தகம்

ஐஎஸ்எஸ்எஃப் (சர்வதேசத் துப்பாக்கி சுடும் சம்மேளனம்) விதிப்படி 10 மீட்டர் ஏர் ரைஃபிளில் ஸ்பிரிட் லெவல் கூடாது. பாம் ரெஸ்ட் (உள்ளங்கைத் தாங்கி), தம்ப் ரெஸ்ட் (கட்டைவிரல் தாங்கி), தம்ப் ஹோல் (கட்டைவிரல் ஓட்டை) எதுவும் கூடாது. பயிற்சியில் போட்டுப் பழகலாம், போட்டிக்கு முன் கழற்றியாகணும். பதிலுக்கு, அட்டைக்குப் பின்சுவரில் தூக்குக்குண்டு நூல் ஒன்றைத் தொங்கவிட்டு, டனலின் செங்குத்துக் கம்பியை அதோடு ஒப்பிட்டுப் பழகுங்க. செங்குத்து, கிடைக் கம்பி உள்ள டனலா என்று வாங்கும்போதே பார்க்கணும்.

ஹூக் பட் பிளேட் வாங்கவே வாங்காதீங்க. அது 50 மீட்டர் ரைஃபிளுக்கானது. ஏர் ரைஃபிளோடு எக்விப்மென்ட் கன்ட்ரோலுக்குப் (போட்டிக்கு முன் உபகரணச் சோதனைக்கு) போனால் திருப்பி அனுப்புவார்கள்.

இன்னும் இரண்டு அளவு பாருங்க. சைட்டோடு சேர்த்து மொத்த எடை 5.5 கிலோவைத் தாண்டக்கூடாது. சிஸ்டத்தின் (ரைஃபிளின் இயக்கப் பகுதியின்) பின்முனையிலிருந்து டியூப் முனை வரை 850 மி.மீ.க்குள் இருக்கணும். 120 மி.மீ. டியூப் சில ரைஃபிளில் இந்த எல்லையைத் தொட்டுவிடும், டேப்பை வைத்து அளந்துவிடுங்க.

வளையக்குறி

வெயிட் பற்றி: டியூபே முனைப்பக்கம் பாரம் சேர்த்திருக்கிறது. தோளிலிருந்து 80 செ.மீ. தள்ளி இருக்கும் 100 கிராம், 40 செ.மீ.யில் இருக்கும் 200 கிராமுக்குச் சமமாக இழுக்கும். இரண்டு வெயிட்டையும் கழற்றிவிட்டு 40 குண்டு சுடுங்க. முனை ஆடுகிறது என்று தோன்றினால் ஒன்றை மட்டும், இடக்கைக்குப் பக்கத்தில் வருமாறு பின்னால் தள்ளிப் போடுங்க. ரைஃபிள் அசையாமல் நிற்பதற்காகப் பாரம் ஏற்றுவது 60 குண்டு, 75 நிமிடம் தாங்கினால்தான் பயன்.

ரைசரையும் ஒருமுறை காலிப்பரில் பாருங்க. முன் பிளாக் பின் பிளாக்கைவிட 1 மி.மீ. உயர்ந்திருந்தால் குண்டு 11 மி.மீ. கீழே போகும். கிளிக்கால் சரிக்கட்டலாம், ஆனால் டயாப்டர் (பின் சைட்) அதன் ஓட்டத்தின் ஓரத்துக்குப் போய் நிற்கும்.

ட்ரிகர் பிளேடு இப்போது வேண்டாம். இருக்கிற பிளேடையே முன்பின் நகர்த்தி, விரல் நுனிச் சதை நேர்பின்னாக அழுத்துமாறு வைங்க. ஏர் ரைஃபிளில் ட்ரிகருக்குக் குறைந்தபட்ச எடை விதி கிடையாது என்பதற்காக 50 கிராமுக்கு இறக்காதீங்க; 100 கிராம் சுற்றி வைத்து, முதல் ஸ்டேஜ் (முதல் லேசான இழுப்பு) முடிவு விரலுக்குத் தெளிவாகத் தெரியணும்.

பத்துமீட்டர்_மதுரை

4.5 ரிங் போட்டு, சீக் பீஸ் 8 மி.மீ. ஏற்றி, வெயிட் இரண்டையும் கழற்றியாச்சு. நாலாவது சீரிஸிலும் போட்டோவில் நேராக நிற்கிறது. 9 மணிக் குண்டு நின்றுவிட்டது. ஒன்று மட்டும் பாக்கி: ரிங்கின் விளிம்பு மங்கலாகத் தெரிகிறது. வயது 46. ஐரிஸை 0.9க்குக் குறைத்தால் விளிம்பு தெளிகிறது, ஆனால் இருட்டிவிடுகிறது.

சீக்பீஸ்_கோவை

ஐரிஸைக் குறைக்காதீங்க, 1.1லேயே விடுங்க. வயதுக்கு வரும் கண் அது. கண் டாக்டரிடம் தூரப்பார்வைக்கான பவரை எழுதி வாங்குங்க. அதோடு +0.50 கூட்டி வரும் பவரில் லென்ஸ் போட்டால் ரிங் தெளிவாகும், கறுப்பு லேசாக மங்கும். அதுதான் வேண்டும். போதாவிட்டால் +0.75. படிக்கிற கண்ணாடி பவரைக் கொண்டுவராதீங்க, கறுப்பு பஞ்சாகிவிடும்.

லென்ஸ் பின் சைட்டில் இருக்கலாம், அல்லது ஷூட்டிங் கண்ணாடியில் இருக்கலாம், ஏதாவது ஓர் இடத்தில்தான். முன் சைட்டில் லென்ஸ் கூடாது. கண்ணாடி என்றால் லென்ஸின் நடுப்பகுதி வழியாகப் பார்க்கிறீங்களா என்று நின்ற நிலையில் பார்த்து இறுக்குங்க.

விதிப்புத்தகம்

அப்படியே ஏர் சிலிண்டர் மேல் பொறித்திருக்கும் தேதியையும் பார்த்துவிடுங்க. 10 வருஷத்துக்கு மேல் போனதைப் போட்டியில் ஏற்கமாட்டார்கள், பாதுகாப்பும் இல்லை. கைப்பம்பில் நிரப்புகிறவர்கள் ஈரம் உறிஞ்சும் ஃபில்டர் இல்லாமல் நிரப்பாதீங்க. நம் ஊர்ப் புழுக்கத்தில் தண்ணீர் உள்ளே போய், காற்றழுத்தத்தைச் சீராக வைக்கும் ரெகுலேட்டரைக் கெடுக்கும், வேகம் குண்டுக்குக் குண்டு மாறும், அப்புறம் குண்டு மேலும் கீழுமாக விலகுகிறது என்று சைட்டைத் திருப்பிக்கொண்டிருப்பீங்க.