ட்ரோ ரேஞ்சருக்கு டேமேஜ் ஐட்டம் எல்லாம் வாங்கியாச்சு, டேமேஜைத்தான் காணோம்

திருவட்டார் பையன்

எல்லாருக்கும் வணக்கம். டோட்டா 2 கேமில் எனக்கு ஒழுங்காக ஆடத் தெரிந்த ஒரே கேரி (டீமுக்காக முக்கியமாக அடிக்க வேண்டிய ஹீரோ) ட்ரோ ரேஞ்சர், தூரத்திலிருந்து அம்பு விடுகிறவள். இப்போது அதுவும் தெரியாதோ என்று சந்தேகம் வந்துவிட்டது. கடைசி 12 மேட்சில் 9 தோல்வி.

நேற்றைய மேட்சைச் சொல்கிறேன். 38 நிமிடம் ஓடியது. 11 கில், 9 சாவு. வாங்கிய வரிசை: பவர் ட்ரெட்ஸ், மாஸ்க் ஆஃப் மேட்னஸ், டெசோலேட்டர், டேடலஸ், 31-வது நிமிடத்தில் பிகேபி (பிளாக் கிங் பார், அழுத்தினால் கொஞ்ச நேரத்துக்கு எதிரியின் பெரும்பாலான ஸ்கில் ஏறாது). எதிர் டீமின் ஹீரோக்கள் ஆக்ஸ், லயன், விண்ட்ரேஞ்சர், ஸூஸ், ஓம்னிநைட். ஃபார்ம் (காசு சேர்ப்பது) மோசமில்லை. ஆனால் டீம் ஃபைட் என்று வந்தால் நாலு அம்பு விடுவதற்குள் செத்துக் கிடக்கிறேன். டீமில் இருந்த ஒருத்தன் 'கேரியா, வேடிக்கை பார்க்க வந்தவனா' என்று கேட்டுவிட்டான்.

டேமேஜ் போதவில்லை என்று நினைக்கிறேன். டேடலஸை முதலில் வாங்கலாமா? இல்லை டெசோலேட்டரை விட்டுவிட்டு பட்டர்ஃபிளை போகலாமா? யாராவது ஒரு நல்ல பில்ட் (ஐட்டம் வாங்குகிற வரிசை) சொல்லுங்கள். லேப்டாப் பழசு, வேகம் பரவாயில்லை.

திங்கள்சந்தை மச்சான்

டிவைன் ரேப்பியர் வாங்கு மக்கா. செத்தால் அது கீழே விழும், எதிரி எடுத்துக்கொள்வான், மேட்ச் சீக்கிரம் முடியும், நேரத்துக்குத் தூங்கலாம்.

வடசேரி கணக்கன்

மச்சான் சொல்வதைக் கேட்காதே தம்பி. நீ கேட்டதற்கு மட்டும் முதலில் கணக்குச் சொல்கிறேன்.

பெரும்பாலான ஹீரோக்களுக்கு அடிப்படை அடி இடைவெளி 1.7 நொடி. அட்டாக் ஸ்பீடை 100-ஆல் வகுத்து, அதை 1.7-ஆல் வகுத்தால் நொடிக்கு எத்தனை அடி என்று வரும். அதை டேமேஜோடு பெருக்க வேண்டும். பெருக்கல் என்பதுதான் இங்கே விஷயம். உன் டேமேஜ் 300, அட்டாக் ஸ்பீடு 180 என்று வைத்துக்கொள். டேமேஜில் 60 கூட்டினால் மொத்த அடி 20% கூடும். அதே 60-ஐ அட்டாக் ஸ்பீடில் கூட்டினால் 33% கூடும். ஏற்கெனவே நிறைய இருப்பதில் இன்னும் கொட்டினால் லாபம் குறைவு, எது குறைவாக இருக்கிறதோ அதில் போட்டால் லாபம் அதிகம். டெசோவும் டேடலஸும் இரண்டுமே டேமேஜ் பக்கம். அதனால் அடுத்தது ஸ்பீடு பக்கம் போவது சரி. பட்டர்ஃபிளை தருகிற அஜிலிட்டியில் டேமேஜ், ஸ்பீடு, கொஞ்சம் ஆர்மர் (அடியைக் குறைக்கிற கவசம்) மூன்றும் ட்ரோவுக்கு வரும். போதாததற்கு எதிரியின் அடி சிலது தப்பியும் போகும்.

டேடலஸ் 30% வாய்ப்பில் 225% அடிக்கும். சராசரியில் 1.375 மடங்கு. அடி பெரிதாக இருந்தால்தான் அந்த மடங்குக்கு மதிப்பு. அதனால் அதை முதல் ஐட்டமாக வாங்குவது காலி அண்டாவுக்கு மூடி வாங்குவது போல.

டெசோலேட்டர் பற்றிப் பலர் தலைகீழாக நினைக்கிறார்கள். ஆர்மரை 6 குறைக்கும், அதனால் தடியான ஆட்களுக்கு எதிராக வாங்க வேண்டும் என்பார்கள். எதிரிக்கு ஆர்மர் 20 இருந்தால் நம் அடியில் 45% உள்ளே போகும், டெசோ பட்ட பிறகு 54%. அதாவது அடி ஏறக்குறைய 20% கூடுகிறது. ஆர்மர் 5 இருக்கிற மெல்லிய ஆளுக்கு 77% போவது 106% ஆகும், 37% கூடுதல். ஆகவே டெசோ என்பது லயன், ஸூஸ் போன்ற ஆட்களைச் சீக்கிரம் விழவைக்கிற சாமான். ஆக்ஸை உடைக்கிற கோடாலி அல்ல. ஆட்டத்தின் முதல் பாதியில் எல்லாருக்குமே ஆர்மர் குறைவு, அப்போது வாங்கினால்தான் காசுக்கு வேலை செய்யும்.

விலையும் எண்ணும் பேட்சுக்குப் பேட்ச் ஆடும். கணக்குப் போடுகிற முறையைப் பிடித்துக்கொள்.

குளச்சல் கரைமடி

கணக்கு கொள்ளாம், அருமை. ஆனால் கணக்கன் அண்ணன் தம்பியின் கேள்விக்குத்தான் பதில் சொன்னார், கேள்வியே தப்பு.

எங்கள் கரையில் சாளை வலை வேறு, சூரை வலை வேறு. சாளை வலையை ஏற்றிக்கொண்டு சூரைக்குப் போனால் மீனும் கிடைக்காது, வலையும் கிழியும். கடலில் என்ன ஓடுகிறது என்று பார்த்துத்தான் எந்த வலையை ஏற்றுவது என்று முடிவு செய்வோம். நீ யாரோ வெளிநாட்டுக்காரன் போட்ட கைடை வைத்துக்கொண்டு எல்லா மேட்சிலும் ஒரே வலையை வீசுகிறாய்.

ஆக்ஸ் பிளிங்க் ஐட்டம் போட்டுப் பக்கத்தில் குதித்து, 'கால்' (Call) என்கிற ஸ்கில்லைப் போட்டால் நீ அவனைத்தான் அடித்தாக வேண்டும். அவன் அதோடு பிளேடு மெயிலும் போட்டால் உன் அடி உனக்கே திரும்பும். டேடலஸ் கிரிட் (அந்த 225% அடி) விழுந்தால் அதுவும் சேர்ந்து திரும்பும். உன் டேமேஜ் எங்கே போனது என்று கேட்டாயே, ஒரு பங்கு உன் தலையிலேயே விழுந்திருக்கும்.

அப்புறம் ட்ரோவின் அல்டி, அதாவது அவளுடைய பெரிய ஸ்கில் மார்க்ஸ்மன்ஷிப். எதிரி ஹீரோ 400 தூரத்துக்குள் வந்தால் மார்க்ஸ்மன்ஷிப் அணைந்துவிடும். கிட்டே வந்த ஒருத்தனால் உன் பாதி பலம் போய்விடுகிறது. ட்ரோவுக்குத் தூரம்தான் டேமேஜ். அடிக்கிற தூரத்தைக் கூட்டுகிற டிராகன் லான்ஸை எங்கே காணோம்?

திருவட்டார் பையன்

அண்ணே, லான்ஸில் ரேஞ்ச்தானே முக்கியம், டேமேஜ் கொஞ்சம்தானே என்று விட்டுவிட்டேன்.

மார்த்தாண்டம் தேன்கூடு

நான் சப்போர்ட் (கேரிக்குத் துணை நிற்கிற ஹீரோ) ஆடுகிறவள். கேரிகள் செத்துக் கிடப்பதைப் பார்ப்பதே எங்கள் வேலை, அதனால் சொல்கிறேன். பில்டை அப்புறம் பார்க்கலாம். ரீப்ளேயைத் திறந்து ஒன்பது சாவையும் எழுது. ஒவ்வொன்றிலும் மூன்று விஷயம் போதும்: உன்னை முதலில் பிடித்தது யார், அப்போது நீ எங்கே நின்றாய், கையில் பிரஸ் செய்யாமல் கிடந்த ஐட்டம் எது. உன் பார்வையில் பார்க்காதே, எதிரியின் பார்வையில் வைத்துப் பார். நீ எவ்வளவு முன்னால் நிற்கிறாய் என்று அப்போதுதான் உறைக்கும்.

இன்னொன்று. மாஸ்க் ஆஃப் மேட்னஸை அழுத்தியதும் உனக்கு நீயே சைலன்ஸ் போட்டுக்கொள்கிறாய், ஆர்மரும் குறையும். அந்த நேரத்தில் எதிரியைத் தள்ளிவிடுகிற கஸ்ட் ஸ்கில்லைப் போட முடியாது. கிரீப் (ஹீரோ அல்லாத சில்லறைப் படை) அடிக்க, டவர் உடைக்க நல்லது. ஆக்ஸும் லயனும் இருக்கிற ஃபைட்டில் அதை முதலில் அழுத்தினால் வாசலைத் திறந்துவைத்து விளக்கையும் போட்டது மாதிரி.

திருவட்டார் பையன்

அக்கா சொன்னபடி உட்கார்ந்து எழுதினேன். காலையில் அப்பா ரப்பர் பால் வெட்டப் போகிறவரை இதே வேலை. இவன் படிக்கிறான் என்று நினைத்து அம்மா சாயா எல்லாம் போட்டுக் கொடுத்தார்கள்.

லயன் ஹெக்ஸ் (தவளையாக்கிவிடுகிற ஸ்கில்): 4. ஆக்ஸ் கால்: 3. காட்டில் தனியாக ஃபார்ம் செய்யும்போது விண்ட்ரேஞ்சர் கட்டிப்போட்டது: 1. ஸூஸ் அல்டி, நானே ஓடித் தப்பிய பிறகு: 1.

லயனிடம் செத்த நாலில் மூன்று பிகேபி வாங்கிய பிறகு. மூன்று தடவையும் அழுத்தினேன், எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. கை மந்தம் போல, ஒவ்வொரு தடவையும் ஹெக்ஸ் முந்திவிடுகிறது.

குளச்சல் கரைமடி

ஹெக்ஸ் விழுந்த பிறகு எந்த ஐட்டமும் ஓடாது மக்கா. லயன் எங்கே என்று தெரியாவிட்டால் ஃபைட் தொடங்கும்போதே பிகேபி போட வேண்டும். பார்த்து அழுத்தலாம் என்று காத்திருந்தால் தவளையாகிவிடுவாய். ஆனால் ஆக்ஸின் கால் பிகேபியையும் மீறிப் பிடிக்கும், அதற்குப் பிகேபி மருந்தல்ல. அவனுக்கு மருந்து தூரம். லான்ஸோடு ஃபோர்ஸ் ஸ்டாஃபைச் சேர்த்து ஹரிகேன் பைக் ஆக்கு. கால் முடிந்த அடுத்த நொடி அவன் மேல் போட்டால் இரண்டு பேரையும் எதிரெதிர்ப் பக்கம் தள்ளும், கொஞ்ச நேரத்துக்குத் தூரத்திலிருந்தே அவனை அடிக்கலாம். பிளேடு மெயில் மின்னுகிறதா என்று பார்த்துவிட்டு அடி.

வடசேரி கணக்கன்

தம்பி, ஒரு சந்தேகம். பிகேபியை ஒவ்வொரு தடவை உபயோகிக்கும்போதும் அடுத்த தடவைக்கான நேரம் குறையும். ரீப்ளேயின் கடைசியில் நிறுத்தி, உன் பிகேபி மேல் மவுஸை வைத்துப் பார். எந்த நொடியில் நிற்கிறது?

திருவட்டார் பையன்

பார்த்தேன் அண்ணே. முதல் நேரத்திலேயே நிற்கிறது. குறையவே இல்லை.

வடசேரி கணக்கன்

அப்படியென்றால் அந்த மேட்சில் நீ பிகேபியை ஒரு தடவைகூட உபயோகிக்கவில்லை. மூன்று தடவை அழுத்தியது எந்த கீயை?

திருவட்டார் பையன்

பி. ஐந்தாவது ஐட்டம், ஐந்தாவது இடம். மாற்றவில்லை, கேமில் இருந்தபடியேதான் வைத்திருக்கிறேன்.

ஒரு நிமிடம்.

நோட்பேட் திறந்து அழுத்திப் பார்த்தேன். நாலு தட்டுக்கு ஒன்றுதான் விழுகிறது. போன இடவப்பாதி மழையில் கரண்ட் போன இருட்டில் கீபோர்டு மேல் சாயா கொட்டிவிட்டது. துடைத்து, ஃபேன் காற்றில் காயவைத்து, எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்தேன். போனில்தான் டைப் செய்வது, அதனால் தெரியவே இல்லை. கீயைப் பிடுங்கிப் பார்த்தால் அடியில் சர்க்கரை பாகு காய்ந்து கருப்பட்டி மாதிரி ஒட்டியிருக்கிறது.

திங்கள்சந்தை மச்சான்

நாலாயிரம் கோல்டு கொடுத்து வாங்கிய பிகேபியைச் சாயா குடித்துவிட்டது. மூன்று நாளாக இந்த இழையைப் படிக்கிறேன், காசு கொடுத்தாலும் இப்படி ஒன்று கிடைக்காது.

மார்த்தாண்டம் தேன்கூடு

சிரிக்காதே மச்சான், நீ போன மாதம் டெலிபோர்ட் ஸ்க்ரோல் இல்லாமல் பேஸிலிருந்து நடந்து வந்தவன்.

தம்பி, கீயைச் சரிசெய்கிற வரைக்கும் ஐட்டத்தை இழுத்து இடம் மாற்று. டெசோவும் டேடலஸும் அழுத்த வேண்டிய ஐட்டமே அல்ல, தானாக வேலை செய்கிறவை. அவற்றைப் பி, என் பக்கம் தள்ளு. பிகேபி இஸட்டில், பைக் எக்ஸில், இடது கை விரல் பார்க்காமலே போகிற இடத்தில் வை. கீ நன்றாக இருந்தாலும் இப்படித்தான் வைக்க வேண்டும். ஐட்டம் வாங்கிய வரிசையும் விரல் வரிசையும் ஒன்றாக இருக்கத் தேவையில்லை. டெமோ மோடில் போய்ப் பத்துத் தடவை அழுத்திப் பழகு. செலவே இல்லை.

வடசேரி கணக்கன்

இதோடு பில்டும் மாறும். அந்த எதிரி டீமுக்கு நான் ஆடியிருந்தால்: ட்ரெட்ஸ், டிராகன் லான்ஸ், பிகேபி, பைக், அப்புறம்தான் பெரிய டேமேஜ். டெசோவை விட்டுவிடுவேன், அந்தக் காசு பிகேபி 20 நிமிடத்துக்குப் பக்கத்தில் வருவதற்கு உதவும். விண்ட்ரேஞ்சர் விண்ட்ரன் போட்டு உன் அம்பை எல்லாம் தப்பவைத்தால் டேடலஸுக்குப் பதில் 'மங்கி கிங் பார்' ஐட்டம் வாங்கு, அடி பெரும்பாலும் தப்பாது. தப்பிப்போகிற அடிக்கு கிரிட் விழுந்து என்ன லாபம்? எதிரில் பிடிக்கிற ஆளே இல்லாத டீம் வந்தால் உன் பழைய பில்டையே போடு, தப்பில்லை, அப்போது டெசோ அருமையாக ஓடும். மேலே நான் போட்ட கணக்கெல்லாம் நீ நின்று அடிக்கிற நொடிகளுக்கு மட்டும்தான். செத்துக் கிடக்கிற நொடியைப் பூஜ்யத்தால் பெருக்க வேண்டும் என்பதை நானும் அன்றைக்கு எழுத மறந்துவிட்டேன்.

திருவட்டார் பையன்

நாலு நாள் கழித்து வருகிறேன். அழகியமண்டபத்தில் ஒரு கடையில் கேட்டால் கீபோர்டு முழுதும் மாற்ற வேண்டும் என்கிறார்கள். அந்தக் காசுக்கு ஒரு யுஎஸ்பி கீபோர்டு வாங்கிவிட்டேன்.

ஐந்து மேட்ச், மூன்று வெற்றி. லான்ஸ், பிகேபி, பைக்தான். பிகேபியைச் சில தடவை ரொம்பச் சீக்கிரம் போட்டு வீணாக்குகிறேன், லயன் அது முடியும்வரை மரத்துக்குப் பின்னால் காத்திருந்து அப்புறம் வருகிறான். ஆனால் ஒரு மேட்சில் மொத்தம் இரண்டே சாவு. அன்றைக்கு டேடலஸே வாங்கவில்லை, இருந்தும் ஹீரோ டேமேஜில் நான்தான் முதல்.

தோற்றதில் ஒன்று என் தப்பு இல்லை. 33-வது நிமிடத்தில் மழையில் கரண்ட் போய் மோடம் அணைந்துவிட்டது. திரும்ப வருவதற்குள் அபாண்டன் (மேட்சைப் பாதியில் விட்டுப்போனதாகக் கணக்கு).

குளச்சல் கரைமடி

அபாண்டன் ஆக ஐந்து நிமிடம் இருக்கிறதே. லேப்டாப் பேட்டரியில் ஓடும்தானே, போனில் ஹாட்ஸ்பாட் போட வேண்டியதுதானே லே.

திருவட்டார் பையன்

பேட்டரி செத்து இரண்டு வருஷம் ஆகிறது அண்ணே. அதற்கு வேறு இழை போடுகிறேன்.