அக்காள் மகனுக்காக ஒரு வேண்டுகோள்: டர்பன் உறவுகள் கவனத்திற்கு

வணக்கம். தென்னாப்பிரிக்காவில், டர்பன் பக்கம் சாட்ஸ்வொர்த்தில் இருக்கிறேன். என் அக்காள் மகனுக்கு 16 வயது. அவன் அப்பா ஒருவரைக் கொன்றுவிட்டு ஆயுள் தண்டனையில் இருக்கிறார். அக்காளும் நோயில் போய்ச் சேர்ந்துவிட்டாள். பையன் என்னிடம்தான் வளர்கிறான்.

போன வாரம் என் மகனோடு சண்டை வந்து கையை ஓங்கியவன், பாதியில் நிறுத்தி அந்தக் கையையே வெறித்துப் பார்த்தான். "சித்தி, நானும் அப்படி ஆகிவிடுவேனா?" என்றான். முகம் அப்பாவை உரித்து வைத்திருக்கிறது. கண்ணாடி பார்த்துத் தலை சீவுவதே இல்லை. பள்ளி நோட்டு அட்டைகளில் குடும்பப் பெயரை மட்டும் பேனாவால் அடித்திருக்கிறான். காவடிக்கு விரதம் தொடங்கியவன், 'கொலைகாரன் பிள்ளை' என்று யாரோ முணுமுணுத்ததும் விட்டுவிட்டான். பாவம் ரத்தத்தில் வரும் என்று பெரியவர்களே பேசுகிறார்கள். பிரகலாதன் யார் பிள்ளை?

பிள்ளைகளுக்கான உதவித் தொலைபேசி, சைல்ட்லைன் 116, இலவச எண்தான். பேச மறுக்கிறான்.

2004 அக்டோபருக்குப் பின் நடந்த குற்றத்துக்கு ஆயுள் தண்டனை என்றால், இங்கே 25 ஆண்டு கழித்துத்தான் பரோல், அதாவது நிபந்தனையோடு விடுதலை, கேட்கவே முடியும். ஆனால் சிறையிலிருந்து கடிதங்கள் வருகின்றன. பிரிக்காமல் வைத்திருக்கிறேன். அவனிடம் கொடுக்கலாமா?

இந்த வயதுப் பிள்ளைகளோடு நேரில் பேசிப் பழகிய மனநல ஆலோசகர் டர்பன் பக்கம் இருந்தால் சொல்லுங்கள். இதே நிலையில் வளர்ந்து ஆளான யாராவது அவனோடு ஒருமுறை பேசினால் பெரிய உதவி. தனிச்செய்தியில் எழுதுங்கள், அவன் பெயரைப் பொதுவில் கேட்க வேண்டாம்.