ஒரே மாதிரி காதில் விழுந்து ஆளை மாட்டிவிடும் வார்த்தைகள்: இங்கிலாந்துக்குப் புதுசா வந்தவங்களுக்கு

கேள்வி: ஸ்பெல்லிங் பட்டியல் வேண்டாம். டாக்டர், வீடு, கடைன்னு அன்றாடம் தடுக்கி விழ வைக்கிற வார்த்தைகள் எவை?

பதில் 1:
‘சர்ஜரி’தான் முதல்ல. இங்க ஜி.பி. (நம்ம குடும்ப டாக்டர் மாதிரி) உட்கார்ந்து பார்க்கிற கிளினிக்குக்கே அதுதான் பேர். பத்து மணிக்கு சர்ஜரிக்கு வாங்கன்னு மெசேஜ் வந்தா பதறாதீங்க, யாரும் கத்தியை எடுக்கப் போறதில்ல. அங்க ‘கவுன்சிலர்’கிட்ட அனுப்புறோம்னு சொன்னா, அவர் மனநல ஆலோசகர். நம்ம ஊர் வார்டு கவுன்சிலர் மாதிரி இங்கயும் ஒருத்தர் உண்டு. உச்சரிப்பு ரெண்டுக்கும் ஒண்ணுதான், எழுத்துலதான் வித்தியாசம்: நடுவுல ‘எஸ்’ வந்தா ஆலோசகர், ‘சி’ வந்தா உள்ளாட்சி உறுப்பினர். குப்பை எடுக்கலன்னா ‘சி’, தூக்கமே வரலன்னா ‘எஸ்’.

‘லிவ்’, ‘லீவ்’ ரெண்டையும் நம்மாளுங்க ஒரே நீளத்துல சொல்லிடுறாங்க. குறில் நெடில் பார்க்கத் தெரிஞ்ச நமக்கு இது கஷ்டமே இல்ல. குடியிருக்கிறது குறில், கிளம்புறது நெடில். ஆனா விசா கடிதத்துல ‘லீவ் டு ரிமெய்ன்’னு இருந்தா, கிளம்பவும் சொல்லல, விடுமுறையும் இல்ல. அந்த ‘லீவ்’ பழைய சட்ட வார்த்தை, அனுமதின்னு அர்த்தம்.

பணம் கைவிட்டுப் போற இடம் வாடகை. நம்ம ஊர் ‘அட்வான்ஸ்’ இங்க ‘டெபாசிட்’. அட்வான்ஸ் தர்றேன்னு சொன்னா, முன்கூட்டியே வாடகை கட்டுறீங்கன்னு எடுத்துக்குவாங்க. டெபாசிட்லயும் ரெண்டு இருக்கு. ‘ஹோல்டிங் டெபாசிட்’ வீட்டை வேற யாருக்கும் விடாம பிடிச்சு வைக்க. ஒரு வார வாடகைக்கு மேல கேட்கக் கூடாது. ‘டெனன்சி டெபாசிட்’தான் நம்ம அட்வான்ஸ் மாதிரி, அது அஞ்சு வார வாடகை வரைக்கும்தான் (வருஷ வாடகை 50,000 பவுண்டுக்குக் கீழ இருந்தா). வாங்கின 30 நாளுக்குள்ள அங்கீகாரம் பெற்ற திட்டத்துல அதைப் பதிவு செய்யணும். மாசம் 1,300 பவுண்டுன்னா வாரக் கணக்கு 300. அப்போ ஹோல்டிங் 300, டெனன்சி 1,500. மாச வாடகையை நாலால வகுக்காதீங்க, 12 ஆல பெருக்கி 52 ஆல வகுக்கணும். 2019 முதல் இங்கிலாந்துல இதுதான் சட்டம், ஸ்காட்லாந்துக்குப் பொருந்தாது.

பேங்க்ல ‘கரண்ட் அக்கவுண்ட்’ கேளுங்க. இந்தியாவுல அது வியாபாரிகளுக்கு. இங்க சம்பளம் விழுறதே அதுலதான்.

பதில் 2:
போன்ல பேசுறப்போ இன்னொரு தொல்லை. ‘தர்ட்டீன்’ல அழுத்தம் கடைசியில, ‘தர்ட்டி’யில முதல்ல. சந்தேகம் வந்தா திருப்பிச் சொல்லச் சொல்லாதீங்க, மறுபடியும் அதே சத்தம்தான் கேட்கும். ‘ஒன் த்ரீயா, த்ரீ ஜீரோவா’ன்னு கேளுங்க.

பேரை எழுத்துக் கூட்டும்போது பி-யும் பி-யும் மோதும், டி-யும் டி-யும் மோதும். பாருங்க, தமிழ்ல எழுதினாக்கூட எது எதுன்னு தெரியல! B-க்கு பிராவோ, P-க்கு பாப்பா, D-க்கு டெல்டா, T-க்கு டேங்கோ, இந்த நாலையும் மனப்பாடம் பண்ணுங்க. எம், என் குழம்பினா மைக், நவம்பர். கயல்விழி, யாழினின்னு பேர்ல ‘ழ’ இருக்கிறவங்க அதை zh-னு எழுதுவீங்க, அந்த z-ஐ இங்க ‘ஸெட்’னு சொல்லணும். அமெரிக்காவுல அதையே ‘ஸீ’ம்பாங்க, அது ‘சி’ மாதிரி காதுல விழும். ரெண்டு ஊர்லயும் ‘ஸூலூ’ன்னா புரியும்.

பதில் 3:
சமையல்கட்டை விட்டுட்டீங்களே. ‘கிராம் ஃப்ளவர்’ல கிராம் எடையும் இல்ல, ஃப்ளவர் பூவும் இல்ல, கடலை மாவு. ‘கார்ன்ஃப்ளவர்’ வெள்ளை ஸ்டார்ச், மஞ்சள் சோள மாவு வேணும்னா ‘கார்ன்மீல்’. மைதாவுக்கு ‘பிளெய்ன் ஃப்ளவர்’ எடுங்க. பக்கத்துலயே இருக்கிற ‘செல்ஃப் ரெய்சிங்’ல பேக்கிங் பவுடர் கலந்திருக்கும், பரோட்டா மெலிசா வீச வராது. ஆப்ப சோடாவுக்கு ‘பேக்கிங்’னு தேடி பவுடரை எடுத்துடாதீங்க. அது சோடாவோட அமிலமும் ஸ்டார்ச்சும் சேர்ந்தது. உங்களுக்கு வேண்டிய டப்பாவுல ‘பைகார்பனேட் ஆஃப் சோடா’ன்னு போட்டிருக்கும்.